அஞ்சாவது பாகம் பிடிக்கல, ஆனா அக்காகிட்ட "சூப்பர்"னு சொல்லிட்டேன்

இந்த வாரம் எடுத்துக்கிட்டது 31 வயசு வாசகர் ஒருத்தரோட கடிதம். ரொம்ப நீளமா எழுதியிருக்கார், அதனால அப்படியே போடாம அடையாளம் தெரியுற விஷயத்தையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். நாவல் பேரு, எழுத்தாளர் பேரு ரெண்டையும்கூட எடுத்துட்டேன், ஏன்னா பேரப் போட்டா நீங்க எல்லாரும் அந்த புத்தகம் நல்லாருக்கா இல்லையான்னு சண்டைக்கு கிளம்பிடுவீங்க, எழுதின மனுஷன மறந்துடுவீங்க.

அவருக்கு 10 வயசு, அக்காவுக்கு 14 இருக்கும்போது ஒரு ஃபேண்டஸி சீரிஸோட முதல் பாகம் வீட்டுக்கு வந்திருக்கு. ஒரே காப்பி, ரெண்டு பேர். அக்கா நிறுத்தின இடத்துல ஒரு ஹேர்பின்ன சொருகி வைப்பாங்களாம், இவர் ஒரு பென்சில் துண்ட வைப்பாராம், யாரு முன்னாடி போறாங்கன்னு தினமும் போட்டி, முன்னாடி போனவங்க கதைய சொல்லிடக்கூடாதுங்கிறது சட்டம். ஹேர்பின் துருப்பிடிச்ச கறை மூணாவது பாகத்துல இன்னும் இருக்குன்னு எழுதியிருக்கார். நாலாவது பாகம் வந்தப்ப இவருக்கு 20. அதுக்கப்புறம் 11 வருஷம் காத்திருந்து இப்ப அஞ்சாவது பாகம் வந்திருக்கு, 860 பக்கம், லீவு போட்டுட்டு உக்காந்திருக்கார். 347ஆவது பக்கத்துல நின்னுட்டார். மூணு வாரமா அங்கயேதான் நிக்கிறார்.

பிடிக்காததுக்கு காரணமும் தெளிவா சொல்றார். முதல் பாகத்துல ஒரு நதி ராத்திரில மட்டும் பின்னாடி ஓடும், ஏன்னு யாருக்கும் தெரியாது, கதாநாயகியான ஓடக்காரர் மகளுக்கும் தெரியாது. அஞ்சாவது பாகத்துல மந்திரவாதிகள் சபை கூடி, 40 பக்கத்துக்கு, அது ஏன் ஓடுது எப்படி ஓடுதுன்னு விதி போட்டு விளக்குறாங்களாம். "அந்த 40 பக்கத்துல என் நதி செத்துப்போச்சு"ன்னு எழுதியிருக்கார். எழுத்தாளர் காசுக்காக எழுதிட்டார், இல்லன்னா வேற யாரோ எழுதி இவர் பேரப் போட்டிருக்காங்கன்னு சந்தேகம் வேற. எழுத்தாளருக்கு அனுப்ப 6 பக்கத்துக்கு ஒரு லெட்டர் டைப் பண்ணி வச்சிருக்கார், அதையும் கடிதத்தோட சேர்த்து எனக்கு அனுப்பியிருக்கார். தனக்கு வயசாயிட்டதால ஃபேண்டஸியே இனிமே ஒட்டாதோன்னு பயம், பழைய பாகங்கள தொடவும் பயம், தூக்கம் சரியில்ல. என்கிட்ட கேட்டது மூணு கேள்வி: கஷ்டப்பட்டாவது முடிச்சிடணுமா, தப்பு என்மேலயா, லெட்டர அனுப்பலாமா.

கடைசி பாராவுல, போற போக்குல, இன்னொண்ணும் இருக்கு. வேற ஊர்ல இருக்கிற அக்கா நாலே நாள்ல புத்தகத்த முடிச்சிட்டு "நான் அழுதுட்டேன்டா"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்காங்க. இவர் "நானும்தான் க்கா, சூப்பர்"னு பதில் போட்டுட்டார். இந்த ஞாயித்துக்கிழமை உக்காந்து முழுசா பேசலாம்னு அக்கா சொல்லியிருக்காங்க.

தம்பி, (தம்பின்னு கூப்பிடலாம்ல, உங்கள விட எனக்கு 20 வயசு கூட) இனி உங்ககிட்டயே பேசுறேன்.

நீங்க "இதுக்கெல்லாம் கவுன்சிலிங் பண்றவங்களுக்கு எழுதுறது சிரிப்பா இருக்கும்"னு ரெண்டு இடத்துல மன்னிப்பு கேட்டிருக்கீங்க. வேண்டாம். 11 வருஷம் ஒண்ணுக்காக காத்திருந்து அது வந்தப்புறம் கை வெறுமையா இருந்தா வலிக்கத்தான் செய்யும், அது புத்தகமா இருந்தா என்ன வேற எதுவா இருந்தா என்ன. சுத்தி இருக்கிறவங்க "கதைப்புத்தகம்தானே"ன்னு சொல்லுவாங்க, அதனாலதான் இந்த மாதிரி வருத்தத்த யார்கிட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே போட்டு ஊறவச்சு அது வேற வேற ரூபத்துல வெளிய வருது, உங்களுக்கு 6 பக்க லெட்டரா வந்திருக்கு.

பிடிக்கலன்னா பிடிக்கலதான்

முதல்ல ஒண்ண ஒத்துக்குங்க, உங்க விமர்சனத்துல நியாயம் இருக்கு. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதின டோல்கீன் 1939ல தேவதைக் கதைகள பத்தி ஒரு உரை குடுத்தார், அப்புறம் அது கட்டுரையாவும் வந்துச்சு. அதுல அவர் சொல்றது என்னன்னா, கதாசிரியர் ஒரு இரண்டாவது உலகத்த கட்டுறார், நாம உள்ள போறோம், உள்ள இருக்கிற வரைக்கும் அங்க நடக்கிறது எல்லாமே நமக்கு நிஜம். அவநம்பிக்கை எட்டிப்பார்த்த நொடியே மந்திரம் உடைஞ்சுடும், நாம வெளிய நின்னு வேடிக்கை பார்க்கிற ஆளாயிடுவோம், அப்புறம் தம் கட்டிக்கிட்டு நம்புற மாதிரி உக்காந்திருக்கிறது ஒரு மட்டமான ஒட்டுவேலைதான். நீங்க இந்த மூணு வாரமா பண்றது அந்த ஒட்டுவேலைய. அதான் களைச்சுப் போயிருக்கீங்க.

நதி ஏன் பின்னாடி ஓடுதுன்னு விளக்கணுமா கூடாதாங்கிறதுல ஃபேண்டஸி படிக்கிறவங்களே ரெண்டு கட்சி. மேஜிக்குக்கு விதி இருக்கணும், விலை இருக்கணும், அப்பதான் கதைல அது பிரச்சனைய தீர்க்கும்போது நம்பும்படியா இருக்கும்னு ஒரு கட்சி. விளக்கிட்டா அது மேஜிக்கே இல்ல, பிளம்பிங் வேலைன்னு இன்னொரு கட்சி. நீங்க ரெண்டாவது கட்சி, நானும் கிட்டத்தட்ட அங்கதான். ஆனா அந்த 40 பக்கத்த படிச்சுட்டு "அப்பாடா, இத்தன வருஷம் கழிச்சு புரிஞ்சுது"ன்னு சந்தோஷப்பட்டவங்களும் நிச்சயம் இருப்பாங்க, அவங்க முட்டாள் இல்ல, காசு வாங்கிக்கிட்டு பேசுறவங்களும் இல்ல. உங்க லெட்டர்ல மத்த ரசிகர்கள பத்தி எழுதியிருக்கிற அந்த ரெண்டு வரி எனக்கு பிடிக்கல, சொல்லிட்டேன்.

அவர் ஏமாத்திட்டாரா?

இங்கதான் உங்களோட கொஞ்சம் மல்லுக்கட்டணும். புத்தகம் சரியில்லங்கிறது ஒரு கருத்து. அவர் காசுக்காக எழுதினார், வேற ஆள வச்சு எழுதினார்ங்கிறது அடுத்தவர் மனசுக்குள்ள நடந்தத பத்தின தீர்ப்பு. அந்த தீர்ப்புக்கு ஆதாரமா நீங்க காட்டுறது "நடை மாறியிருக்கு"ங்கிறது மட்டும்தான். 11 வருஷத்துல உங்க கையெழுத்து மாறலையா? நிழல் எழுத்தாளர்கள் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு பெரிய சீரிஸ வேற ஆள் முடிச்சா மறைச்சே ஆகணும்னு ஒண்ணும் கிடையாது. ஃபேண்டஸி எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டன் 2007ல இறந்தப்புறம் அவரோட வீல் ஆஃப் டைம் சீரிஸோட கடைசி மூணு பாகத்த பிராண்டன் சாண்டர்சன் எழுதினார், 2013ல முடிஞ்சுது, அட்டைல ரெண்டு பேரோட பேரும் இருக்கு.

எழுத்தாளர் வேணும்னேதான் மாத்தினாருங்கிறதுக்கும் வாய்ப்பு இருக்கு, அத நீங்க யோசிக்கவே இல்ல. அர்சுலா லெ குவின்ங்கிற அமெரிக்க எழுத்தாளரோட எர்த்ஸீ ஃபேண்டஸி கதைகள எடுத்துக்குங்க. முதல் நாவல் 1968ல வந்துச்சு, மூணாவது 1972ல, அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு வாசகர்கள் நினைச்சுட்டாங்க. 18 வருஷம் கழிச்சு 1990ல நாலாவதா டெஹானு வருது. பெரிய மந்திரவாதியோட அடுத்த சாகசம்னு ஆசையா திறந்தவங்களுக்கு உள்ள கிடைச்சது சக்தியெல்லாம் போன ஒரு மனுஷன், பண்ணை வீட்டுல இருக்கிற ஒரு விதவை, தீக்காயத்தோட ஒரு குழந்தை. நிறைய பேருக்கு கடுப்பு. ஆனா லெ குவினுக்கு அது ஒரு சறுக்கல் கிடையாது, பழைய பாகங்கள்ல தான் பெரிசா கண்டுக்காம விட்ட பெண்கள் பக்கத்துல இருந்து அந்த உலகத்த திரும்பப் பார்க்கணும்னு தெரிஞ்சே எழுதினார். அதே நாவலுக்கு, அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் குடுக்கிற நெபுலா விருது கிடைச்சுது, இன்னிக்கு அந்த சீரிஸ்ல அதுதான் ஒசத்தின்னு சொல்றவங்களும் இருக்காங்க. இன்னொரு வேடிக்கை, இதுதான் எர்த்ஸீயோட கடைசி புத்தகம்னு துணைத் தலைப்பு வச்சு வெளியிட்டாங்க, 2001ல பார்த்தா அதே உலகத்துல இன்னும் ரெண்டு புத்தகம்.

உங்க எழுத்தாளரும் லெ குவின் மாதிரிதான்னு நான் சொல்ல வரல. அவர் நிஜமாவே சொதப்பியிருக்கலாம். ஒருத்தர் உச்சத்துல இருக்கும்போது எழுதினத படிச்சுத்தான் அவர் நமக்கு ஃபேவரிட் ஆகுறார், அதுக்கப்புறம் வர்றது அத விட ஒரு படி கீழ இருக்கிறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, இதுல துரோகம்லாம் எதுவும் இல்ல. நானும் ஒரு எழுத்தாளரோட புத்தகத்த பாதில மூடி கட்டிலுக்கு அடியில தள்ளினவதான், ரெண்டு வருஷம் கழிச்சு வீடு மாத்தும்போது எடுத்து திரும்பப் படிச்சேன், அப்பவும் மோசமாத்தான் இருந்துச்சு.

மாறினது நீங்களா?

ஆமா, மாறியிருக்கீங்க, மாறாம எப்படி. ஆனா "வயசாயிடுச்சு, ஃபேண்டஸி இனிமே ஒட்டாது"ங்கிற முடிவுக்கு ஒரே ஒரு புத்தகத்த வச்சுக்கிட்டு போயிட்டீங்க. சோதிச்சுப் பார்க்கிறது ரொம்ப சுலபம். நீங்க இதுவரைக்கும் தொடாத ஒரு எழுத்தாளரோட ஃபேண்டஸி நாவல எடுத்து ஒரு 50 பக்கம் படிங்க, ஒட்டுதான்னு பாருங்க. அப்புறம் பழைய முதல் பாகத்துல 30 பக்கம். பழசு நாசமாயிடும்னு பயப்படுறீங்க, சில இடம் சுமாராத்தான் இருக்கும், 10 வயசுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் இப்ப தெரியும். அதையும் தாண்டி நதி ஓடுச்சுன்னா, அஞ்சாவது பாகத்தால அதுக்கு ஒண்ணும் ஆகலன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

படிக்கும்போது இன்னொண்ணையும் கவனிங்க. 10 வயசுல நீங்க அந்த கதைய மட்டுமா படிச்சீங்க? ஹேர்பின் எங்க இருக்குன்னு பார்த்து, அத எப்படியாவது தாண்டணும்னு ஓடி, தாண்டினப்புறம் சொல்லவும் முடியாம வாய மூடிக்கிட்டு திரிஞ்சீங்க, அதெல்லாம் சேர்ந்ததுதான் உங்களுக்கு அந்த புத்தகம். இந்த தடவ லீவு போட்டு, கதவ சாத்திக்கிட்டு, தனியா உக்காந்து, 860 பக்கத்தையும் நீங்க ஒருத்தரே இழுத்திருக்கீங்க. ஒப்பீட்ட கொஞ்சம் நியாயமா பண்ணுங்கன்னுதான் சொல்றேன், புத்தகத்துக்கு வக்காலத்து வாங்கல.

இதுக்கு நடுவுல ஒரு விஷயம் சீரியஸா. "இப்ப எதுலயுமே மனசு ஒட்டல"ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க. அது படிக்கிறத மட்டும் சொன்னதா இருந்தா விடுங்க. வேலை, பாட்டு, சாப்பாடு, ஆளுங்க எல்லாத்துலயும் பிடிப்பு போய், தூக்கமும் கெட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள் அப்படியே இருந்தா, அத புத்தகத்தோட ஏமாற்றம்னு பேர் வச்சு தள்ளிப்போடாதீங்க. நேர்ல ஒரு மனநல ஆலோசகரையோ டாக்டரையோ பாருங்க. கடிதத்துல என்னால அதுக்கு மேல பார்க்க முடியாது.

347ஆவது பக்கம்

முடிச்சே ஆகணுமா? இல்ல. "11 வருஷம் காத்திருந்தேன், 347 பக்கம் படிச்சுட்டேன், இப்ப விட்டா எல்லாம் வீண்"ங்கிறீங்க. 1985ல ஆர்க்ஸ், ப்ளூமர்னு ரெண்டு ஆய்வாளர்கள் இத ஒரு கல்லூரி நாடக அரங்குல சோதிச்சுப் பார்த்தாங்க. சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல சிலருக்கு மட்டும், குலுக்கல் மாதிரி, தள்ளுபடி குடுத்தாங்க. சீசனோட முதல் பாதில முழு விலை குடுத்தவங்கதான் அதிக நாடகத்துக்கு வந்தாங்க. நாடகம் எல்லாருக்கும் ஒண்ணுதான், குடுத்த காசு உறுத்துது, அதனால வந்து உக்கார்றாங்க. உங்கள உக்கார வைக்கிறதும் அதே உறுத்தல்தான். 11 வருஷம் போனது போனதுதான், மிச்ச 513 பக்கத்த பல்லக் கடிச்சுக்கிட்டு படிச்சா அது திரும்ப வராது, கூட ஒரு மாசம் போகும், அவ்வளவுதான்.

டேனியல் பென்னாக்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் 1992ல வாசகனோட உரிமைகள்னு பத்து எழுதினார், அதுல ரெண்டாவது பக்கங்கள தாண்டிப்போற உரிமை, மூணாவது முடிக்காம விடுற உரிமை. நீங்க மூணாவத பத்தி மட்டும் குழம்பிக்கிட்டு இருக்கீங்க, ரெண்டாவத மறந்துட்டீங்க. சபை கூடுற பக்கத்த எல்லாம் தாண்டிட்டு ஓடக்காரர் மகள் வர்ற அத்தியாயத்த மட்டும் படிச்சுட்டுப் போங்களேன், யாரு கேக்கப்போறா? அதுவும் ஒட்டலன்னா மூடி வச்சிடுங்க. மூடி வைக்கிறது விசுவாசமில்லாத செயல்னு எழுதியிருக்கீங்க. நீங்க அவரோட வாசகர், அவர் கட்சித் தொண்டர் இல்ல.

அந்த 6 பக்க லெட்டர்

அனுப்பாதீங்க. எழுதினது நல்லதுதான், மனசு கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனா அதுல 2ஆவது பக்கத்துல இருந்து புத்தகம் காணாமப் போயிடுது, அவரோட வயசு, அவரோட பேட்டிகள், அவர் குடும்பம்னு போகுது. அவர உங்களுக்கு 21 வருஷமா தெரியும்னு எழுதியிருக்கீங்க, அவருக்கு உங்கள ஒரு நாள்கூட தெரியாது. ஹார்ட்டன், வோல்னு ரெண்டு பேர் 1956லயே இத பத்தி எழுதியிருக்காங்க, ரேடியோ டிவில வர்றவங்களோட நமக்கு வர்ற ஒருபக்க நெருக்கம், நமக்கு நிஜ உறவு மாதிரியே இருக்கும், அந்தப்பக்கம் இருந்து எதுவும் வராது. அப்படி வந்த நெருக்கம் தப்பில்ல, ஆனா அந்த நெருக்கத்த வச்சுக்கிட்டு கணக்குக் கேக்க முடியாது.

கோபத்த எங்கயாவது வைக்கணும்னா ரிவ்யூவா எழுதுங்க, முதல் பக்கத்த மட்டும் எடுத்துக்கிட்டு. நதி விஷயத்த நீங்க எழுதியிருக்கிற விதம் ரொம்ப நல்லாருக்கு, நிஜமாவே. ஸ்பாய்லர் இருக்குன்னு மேலயே போட்டுடுங்க, எழுத்தாளர டேக் பண்ணாதீங்க. சட்டம் என் துறை இல்ல, ஆனா பொதுவா எல்லா இடத்துக்கும் பொருந்துற ரெண்டு விஷயம் சொல்லலாம். புத்தகம் மோசம், சலிப்பு, ஏமாற்றம்னு எவ்வளவு காட்டமா வேணாலும் சொல்லலாம், அது உங்க கருத்து. "வேற ஆள் எழுதினது"ன்னு உறுதியா எழுதினா அது குற்றச்சாட்டு ஆயிடும், கையில ஆதாரம் இல்லாம அத போட்டா அவதூறுன்னு சிக்கல் வரலாம். அப்புறம், ரிவ்யூவுக்கு தேவையான அளவு நாலு வரி மேற்கோள் காட்டுறதுல தப்பில்ல, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தமே நியாயமான மேற்கோள அனுமதிக்குது, ஆனா "பாருங்க எவ்வளவு மோசம்"னு 40 பக்கத்தையும் ஸ்கேன் பண்ணிப் போடப்போறதா எழுதியிருக்கீங்களே, அது மேற்கோள் கணக்குல வராது.

ஞாயித்துக்கிழமை

நீங்க கேக்காத கேள்விக்கு வரேன், எனக்கென்னவோ இதுதான் உங்க தூக்கத்த கெடுக்குதுன்னு தோணுது. அக்காகிட்ட பேசி சமாளிச்சுடலாம்னு, கதையோட முடிவ எங்கயோ சுருக்கமா படிச்சு வச்சிருக்கறதா எழுதியிருக்கீங்க. தம்பி, உங்க கூட ஹேர்பின் வச்சு போட்டி போட்டவங்க அவங்க. நீங்க எத்தனாவது பக்கத்துல இருக்கீங்கன்னு மூஞ்சப் பார்த்தே சொன்ன ஆளு. ஒரு மணி நேரம் போன்ல அவங்கள உங்களால சமாளிக்க முடியாது, சமாளிச்சாலும் அடுத்த மாசம் திரும்ப சமாளிக்கணும், ஆறாவது பாகம் வந்தா அதுக்கும். ஏதாவது காரணம் சொல்லி தள்ளிப்போடலாம்னு பார்த்தா அதுவும் அதே கதைதான்.

"எனக்கு பிடிக்கலன்னு சொன்னா அவ சந்தோஷம் போயிடும்"னு நீங்க நினைக்கிறது ஒரு அனுமானம். உங்களுக்கு பிடிக்காததால அவங்க அழுதது இல்லன்னு ஆயிடாது. சொல்லப்போனா அவங்க எந்த இடத்துல அழுதாங்கன்னு உங்களுக்கு இன்னும் தெரியாது, அவசரமா "நானும்தான்"னு போட்டுட்டதால கேக்கவே இல்ல. அத கேளுங்க. அவங்க முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவுல புகுந்து நதி, சபைன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த 6 பக்கத்த போன்ல வாசிக்கவே வாசிக்காதீங்க. ஆனா அவங்க சொல்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இத மட்டும் சொல்லிடணும்: "அக்கா, நான் இன்னும் முடிக்கல, 347லயே நிக்கிறேன், எனக்கு ஒட்டல, அன்னிக்கு உன் குரல கேட்டதும் சும்மா சொல்லிட்டேன்." அவ்வளவு போதும். பொய் சொன்னதுக்கு திட்டுவாங்க, கொஞ்சம் கிண்டலும் இருக்கும், முன்னாடி போனவங்க கதைய சொல்லக்கூடாதுங்கிற பழைய சட்டப்படி மீதிய சொல்ல மாட்டேன்னு அடம்கூட பிடிக்கலாம், அப்ப நீங்கதான் சொல்லச் சொல்லி கெஞ்சணும்.

ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன் வச்சிருக்கணும், இன்னிக்கே பேசுங்க. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா மூணாவது பாகத்துல அந்த துருக்கறை இருக்கிற பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டு கூப்பிடுங்க.